சமவேலை

“ஏன்டி அமராவதி, நீ எட்டாவது படிச்சவ. நல்லா பாத்துச் சொல்லு. சமவேலைன்னு தான போட்டிருக்குது?”

“ஆமாங்க்கா. ‘சம வேலைக்குச் சம ஊதியம்.’ ஊதியம்னா கூலி.”

“ஆம்பளைக்கும் பொம்பளைக்குமா?”

“ஆணுக்கும் பெண்ணுக்கும்னு தெளிவா போட்டிருக்குது.”

“அப்பால இன்னாடி யோசனை? நாளைக்கு நாமளும் சமவேலைக்கு எறங்கிட வேண்டியதுதான். சர்க்காரே சொல்லிட்டாங்க!”

உப்பளத்து ஆபீஸ் சுவரில் பசை காயாத நோட்டீஸின் முன்னால் நின்று கொளஞ்சியும் தானும் பேசிக்கொண்ட அந்தப் பேச்சை நினைத்தால் அமராவதிக்கு இப்போதும் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அது எழுபத்தேழாம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம்.

மரக்காணத்து உப்பளங்களில் சமவேலை என்றால் ஒரே ஒரு வேலைதான். மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் கிடந்து, மேடும் பள்ளமுமாய் ஊறிப்போன பாத்திகளின் அடிமண்ணைத் தை மாதத்தில் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, தாம்பாளம் போலச் சமமாக்குவது. ஆண்கள் மட்டுமே செய்கிற வேலை அது. அதற்குக் கூலியும் கூடுதல். பெண்களுக்கு அந்த நாட்களில் வாய்க்காலில் சேறு அள்ளிக் கரையில் கொட்டுகிற வேலை. உப்பு கட்டத் தொடங்கியதும் கூடை. தலையில் சும்மாடு வைத்து, சொட்டச் சொட்ட ஈர உப்பைச் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும்.

ஆகவே சர்க்கார் என்ன சொல்கிறது என்பதில் அந்த அளத்தில் வேலை செய்த பன்னிரண்டு பெண்களுக்கும் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. டில்லியில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு புண்ணியவான் மரக்காணத்துச் சமவேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். அதைப் பெண்களும் செய்யலாம், அதே கூலி வாங்கலாம் என்று சட்டம் போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு ஏழாம் பாத்திக்குள் இறங்கிவிட்டார்கள். தைப் பனியில் சேறு ஐஸ் போல இருந்தது. மற்ற ஆண்களோடு கரையில் நின்ற பச்சமுத்து பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

“இன்னா கொளஞ்சி, கோலம் போட வந்தியா?”

“ஆமாண்டா. உன் மூஞ்சில போடலாம்னு பாத்தேன். அங்க ஏற்கெனவே பள்ளமும் மேடுமா கீது. அதான் இங்க வந்துட்டேன்.”

அதற்குள் மேஸ்திரி சுப்ராயன் சைக்கிளில் வந்துவிட்டான். அமராவதியின் புருஷன். ஐந்து வருஷமாக அந்த அளத்துக்கு அவன்தான் மேஸ்திரி. யாருக்கு என்ன வேலை என்று காலையில் ஆள் பிரிப்பது அவன் பொறுப்பு.

“இன்னா கூத்து இது?”

“கூத்து இல்ல மேஸ்திரி, சட்டம்” என்றாள் கொளஞ்சி. “போயி ஆபீஸ் செவுத்துல படிச்சுட்டு வா.”

சுப்ராயன் போனான். நோட்டீஸில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். திரும்பி வந்து பிடரியைச் சொறிந்தான்.

“சமவேலைன்னுதான் போட்டிருக்குது” என்றான் ஆண்களைப் பார்த்து, ஏதோ தானே தப்புச் செய்துவிட்ட குரலில். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினான். வரிசையின் கடைசியில் முழங்கால்வரை சேற்றோடு நின்ற தன் மனைவியைப் பார்த்ததும் அவன் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் மறைந்தது. “சரி, மிதிங்க. ஏழாம் பாத்தி உங்களுது. மேடு பள்ளம் இருந்தா மறுபடி மிதிக்க வுடுவேன். அப்ப வந்து சட்டம் கிட்டம்னு அழக் கூடாது.”

மூன்று நாள் மிதித்தார்கள். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, குதிகாலை முதலில் ஊன்றி, பிறகு பாதம் முழுவதையும் அழுத்தி, ஒரே வரிசையாக நகர வேண்டும். கால் தப்பாமலிருக்கக் கொளஞ்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். “எங்க மாமியா என் மோதிரத்தை வாங்கி நாத்தனாளுக்குப் போட்டதுக்கு!” என்பாள். எல்லோரும் ஒரு மிதி. “கறி ஆக்கினா எலும்ப மட்டும் எனக்கு வெச்சதுக்கு!” இன்னொரு மிதி. பன்னிரண்டு பேருக்கும் மாமியார் இருந்ததால் மூன்று நாளைக்கும் பஞ்சமே வரவில்லை.

நான்காம் நாள் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பாத்தி சமமா இல்லையா என்று தண்ணீர் சொல்லிவிடும். ஏழாம் பாத்தியில் அது கண்ணாடி விரித்த மாதிரி நாலு மூலையையும் ஒன்றாகத் தொட்டது. பக்கத்தில் பச்சமுத்து ஆட்கள் மிதித்த எட்டாம் பாத்தியின் நடுவில் ஆமை முதுகு போல ஒரு மேடு தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது.  கொளஞ்சி அந்த மேட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

சனிக்கிழமை தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையும் ஃபைலுமாக வரப்பில் வழுக்காமல் நடக்கப் பாடுபட்டுக்கொண்டு வந்த, மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர். ஆண்கள், பெண்கள் எல்லோரையும் ஆபீஸ் முன்னால் கூட்டச் சொன்னார். நோட்டீஸைக் காட்டி, “இது எதுக்குன்னு தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் சார்” என்று கொளஞ்சி முன்னால் வந்தாள். “சட்டப்படி ஏழாம் பாத்திய நாங்கதான் சமவேலை செஞ்சோம். போயிப் பாருங்க, ஒரு மேடு இருந்தா இந்தக் காதை அறுத்துக்கறேன்.”

இன்ஸ்பெக்டருக்கு முதலில் புரியவில்லை. சமவேலை என்றால் என்ன என்று சுப்ராயன் விளக்கினான். புரிந்ததும் அவருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, இந்த ‘சம’ன்னா மண்ணைச் சமம் பண்றது இல்ல. ஒரே மாதிரின்னு அர்த்தம். ஆம்பளை செய்யற அதே மாதிரி வேலையப் பொம்பளை செஞ்சா, அது எந்த வேலையா இருந்தாலும், கூலியும் அதே மாதிரி குடுக்கணும்.”

 உடனே ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பச்சமுத்து தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். “சட்டம் பேச வந்தாளுங்கடா! மூணு நாளு சேத்துல குதிச்சாளுங்க!” கொளஞ்சியின் முகம் சுண்டிப்போய்விட்டது. அவளை அப்படி அமராவதி பார்த்ததே இல்லை. படித்துச் சொன்னது தான்தானே என்று அவளுக்குத் தன் காது மடல்கள் சுட்டன.

“எதுக்குச் சிரிக்கிறீங்க?” என்று இன்ஸ்பெக்டர் ஆண்களைப் பார்த்துக் கேட்டார். “அவங்க புரிஞ்சுகிட்டதுதான் தப்பு. செஞ்சது சரி. நீங்க செய்யற அதே வேலையத்தான செஞ்சிருக்காங்க? நல்லாவும் செஞ்சிருக்காங்க. சட்டம் சொல்றதும் அதுதான். மேஸ்திரி, மூணு நாளுக்கும் இவங்களுக்கு ஆம்பளைக் கூலியே போடணும்.”

“போட்டாச்சுங்க” என்றான் சுப்ராயன். “சமவேலைன்னு போட்டிருந்துதே.”

இப்போது பெண்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

“கூலியோட முடியல. புதுசா ஆள் எடுக்கும்போதும் அப்படித்தான். இந்த வேலை பொம்பளைக்கு இல்லைன்னு, பொம்பளைங்கற ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது. இங்க உப்பு வார்றது யாரு?”

“பலகை ஆளுங்க. பத்து பேரு” என்றான் சுப்ராயன்.

பத்தடி நீளக் கழியின் நுனியில் பொருத்திய பலகையால், பாத்தியின் அடியில் பூத்துக் கிடக்கும் உப்பைக் கரைக்கு இழுப்பவர்களைத்தான் பலகை ஆள் என்பார்கள். அளத்திலேயே மரியாதையான வேலை. மழை மாதங்களில் மற்றவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, கரை கட்டவும் அம்பாரம் காக்கவும் பலகை ஆட்களை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள்.

“எடம் ஏதாவது காலி இருக்குதா?”

“ஒண்ணு இருக்குதுங்க. குழந்தைசாமி மாசியில மொத உப்பு வாரிட்டு மகங்கூடப் புதுச்சேரிக்குப் போறாரு.”

“பத்துல பொம்பளைங்க எத்தனை?”

“யாரும் இல்லீங்க.”

“ஏன்?”

சுப்ராயன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். “யாரும் இதுவரைக்கும் கேக்கலீங்க” என்றான்.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். “திங்கக்கெழமை எல்லார் முன்னாலயும் கேட்டுப் பாருங்க. கேக்கறவங்க பேர ரிஜிஸ்டர்ல எழுதுங்க. வேலை தெரியுமான்னு பாத்து எடுங்க. நான் மறுபடி வருவேன்.”

அமராவதி குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘யாரும் கேக்கலீங்க.’ உண்மைதான். ஐந்து வருஷமாக அவள் கேட்கவில்லை.

பலகை வேலை கேட்க வேண்டும் என்று நினைக்காத நாள் கிடையாது. போன வருஷம் வைகாசியில் குழந்தைசாமிக்குக் காய்ச்சல் கண்டு பாதியில் கரையில் உட்கார்ந்தபோது, கூடை தூக்க வந்திருந்த அவள்தான் பலகையை வாங்கி மீதிப் பாத்தியை வாரி முடித்தாள். கழியை அழுத்திவிட்டால் அடிச்சேறு கலங்கி உப்பு கறுத்துவிடும். மிகவும் லேசாகப் பிடித்தால் உப்பு நகராது. இரண்டுக்கும் நடுவில், உள்ளங்கைக்கு மட்டும் தெரிகிற ஓர் அளவு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் உப்பு சலசலவென்று ஒரு சத்தத்தோடு கூடவே வரும். தலையில் பாரம் இல்லாமல், நிமிர்ந்து நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே செய்கிற வேலை. குழந்தைசாமி காய்ச்சல் கண்களோடு பார்த்துவிட்டு, “உனக்குக் கை சுத்தமா கீதும்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத” என்றார். சொல்லவும் இல்லை.

சுப்ராயனிடம் அவள் சொல்லாத ஒரே விஷயம் அது. புடவை, சினிமா, திருக்கை மீன் குழம்பு என்று எதையும் அவனிடம் கேட்டுவிடுவாள். ஆனால் மேஸ்திரி வேலை கிடைத்த அன்று அவன் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை கொடுத்திருந்தான். ‘என் வூட்டு ஆளுங்களுக்குன்னு தனியா ஒண்ணும் செய்ய மாட்டேன்.’ முதலில் வந்து நின்றவன் அவன் கூடப்பிறந்த தம்பி தனக்கோடி. பலகை வேலை கேட்டான். அவனைவிட நன்றாக வாரத் தெரிந்த இன்னொருவன் இருந்தான் என்பதால் சுப்ராயன் தம்பியைத் திருப்பி அனுப்பினான். தனக்கோடி கோபித்துக்கொண்டு வானூர்ப் பக்கம் போய்விட்டான். இன்றுவரை பேச்சில்லை. அப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டதில் அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் அவள் வாயையும் கட்டிப் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், வாசற்படியில் அவளை உட்கார வைத்து, அவள் குதிகால் வெடிப்புக்குச் சுப்ராயன் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து இது நடக்கிறது. தெருவில் யாராவது போனால் மட்டும், முள் எடுப்பது போலக் குனிந்துகொள்வான்.

“மூணு நாளு மிதிச்சதுல வெடிப்பு ஆழமாயிடுச்சு அமரா.”

“எரியுது. மெதுவா மாமா.”

“கொளஞ்சி மொகம் சுண்டினதத்தான் என்னால மறக்க முடியல. பாவம். ஆனா ஒண்ணு, இந்தச் சட்டம் நல்லதுதான். யாராவது ஒருத்தி திங்கக்கெழமை கேட்டுட்டா நல்லா இருக்கும். கேக்கலைன்னு வெச்சுக்க, ‘சட்டம் வந்துது, பொம்பளைங்க ஒருத்தியும் வரல’ன்னு பச்சமுத்து பத்து வருசத்துக்குப் பேசுவான்.” அவன் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “கொளஞ்சிகிட்ட நீ சொல்லிப் பாரேன். அவளுக்குக் கையில பலம் உண்டு.”

 இதோ, இப்போது சொல்லிவிடலாம். அமராவதி வாயைத் திறந்தாள்.

“தம்பிக்குப் பொண்ணு பொறந்திருக்குதாம்” என்றான் அவன், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. “வேற ஆளு சொல்லித்தான் தெரியுது.”

திறந்த வாய்க்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

“கருவாட்டுக் கொழம்பு இருக்குது. தோசை ஊத்தட்டா?” என்றாள்.

மறுநாள் தண்ணீர்ப் பம்பில் கொளஞ்சியைப் பிடித்தாள். புருஷன் சொன்னதைச் சொன்னாள்.

“பலகையா? எனக்கா?” கொளஞ்சி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். “போடி. கூடை தூக்கினா நாலு பேரோட ஊர்க்கதை பேசிகினு நடக்கலாம். பலகை புடிச்சா வாய மூடிகினு கொக்கு மாதிரி நிக்கணும். ஒரே வாரத்துல செத்துடுவேன்.”

“வேற யாரு கேப்பா?”

“செல்லம்மாவுக்குத் தோள்பட்டை வலி. மங்கம்மா மாசமா இருக்குது. மீதிப் பேருக்கு எல்லாம் சேறுன்னா ஆவும், பலகைன்னா பயம்.” கொளஞ்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன்டி, போன வைகாசியில கெழக்குப் பாத்திய வாரினது யாரு?”

அமராவதி திடுக்கிட்டாள். “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அன்னிக்குக் கூடையில வந்த உப்புல ஒரு துளி சேறு இல்ல. காய்ச்சக்காரன் வாரின உப்பா அது? அப்பவே தெரியும். நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். நல்லா அழுத்தக்காரிடி நீ.”

“அவரு குடுத்த வார்த்தை இருக்குதுங்க்கா. நான் வூட்டுல கேட்டேன்னா, ஒண்ணு வார்த்தை போவும், இல்லாட்டி எனக்கு இல்லைன்னு சொல்லிட்டு அவரு தூங்காம கெடப்பாரு.”

“வூட்டுல எதுக்குக் கேக்கற? நேத்து அந்தக் கண்ணாடிக்காரரு இன்னா சொன்னாரு? எல்லார் முன்னாலயும் கேக்கச் சொன்னாரு. வூட்டுல கேட்டா அது பொண்டாட்டி கேக்கறது. அளத்துல கேட்டா ஆளு கேக்கறது.” கொளஞ்சி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். “மேஸ்திரியக் கட்டிகினவளுக்குச் சட்டம் கெடையாதுன்னு அந்த நோட்டீஸ்ல எங்கனா போட்டிருக்குதா? நீதான் படிச்சவ. ஆனா நீ படிச்சுச் சொல்ற லட்சணம் எனக்குத் தெரியும்.”

இருவரும் பம்படியே அதிரச் சிரித்தார்கள். சிரித்ததில் கொளஞ்சியின் குடம் பாதி கவிழ்ந்தது.

அன்று முழுக்க அமராவதி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் கொடுத்த வார்த்தை என்ன? வீட்டு ஆளுக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை. சரி. தனியாக ஒன்றும் வேண்டாம். பச்சமுத்துவுக்கு என்ன உண்டோ அது மட்டும் போதும். அவனைப் போலவே கேட்டு, அவனைப் போலவே வாரிக் காட்டி, மோசமாக வாரினால் அவனைப் போலவே திட்டு வாங்கிக்கொண்டு கூடைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் தீர்ப்பைச் சுப்ராயன் வாயில் வைத்தால் அவன் மாட்டிக்கொள்வான். ஆம் என்றாலும் பழி, இல்லை என்றாலும் பழி. அதற்கும் ஒரு வழி ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கும்போது தோன்றியது. தோன்றியதும் அரிசியை இரண்டு தரம் களைந்துவிட்டாள்.

திங்கட்கிழமைக் காலை, ஆள் பிரிக்கிற நேரம். கடல்காற்று நோட்டீஸின் ஒரு முனையைப் பிய்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கிளார்க் புது ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேர் ஒரு கட்டம், வேலை ஒரு கட்டம், ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம். குழந்தைசாமி துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

சுப்ராயன் தொண்டையைச் செருமினான். “பலகைக்கு ஒரு எடம் காலி. ஆம்பளை பொம்பளை யார் வேணும்னாலும் கேக்கலாம். யாரு கேக்கறீங்க?”

“நான்தான், வேற யாரு?” என்று பச்சமுத்து கையைத் தூக்கினான். கிளார்க் எழுதிக்கொண்டார்.

“வேற?”

சுப்ராயன் கொளஞ்சியைப் பார்த்தான். கொளஞ்சி வானத்தில் போன ஒரு கொக்கை மிகவும் அக்கறையாகப் பார்த்தாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

“சட்டம் தூங்குதுடோய்” என்று பச்சமுத்து மெதுவாகச் சொன்னான். ஆண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சுப்ராயனின் முகம் வாடியது. அந்த வாட்டம் அமராவதிக்கு மட்டுமே தெரியும். கிளார்க் பேனாவை மூடப்போனார்.

அமராவதியின் கால்கள் அவளைக் கேட்காமலே இரண்டடி முன்னால் வந்துவிட்டன. எல்லோரும் திரும்பினார்கள். வீட்டுக்குப் போகச் சாவி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தவன் போலச் சுப்ராயன் சட்டைப் பையில் கை வைத்தான். அவள் தலையை ஆட்டினாள். அளத்தில் இத்தனை வருஷம் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளியவள், மற்ற எல்லோரும் கூப்பிடுகிற பெயரையே சொல்லிக் கூப்பிட்டாள்.  

“மேஸ்திரி, எனக்குப் பலகை வேலை வேணும். அஞ்சு வருசமா கேக்கணும்னு மனசுல வெச்சிருந்தேன். நீங்க பாத்து எடுக்க வேணாம். மாசியில உப்பு கட்டினதும் நானும் பச்சமுத்து அண்ணனும் ஆளுக்கொரு பாத்தி வார்றோம். குழந்தைசாமி அண்ணன் பாத்துச் சொல்லட்டும். நீங்க இப்ப என் பேர மட்டும் எழுதிக்கச் சொல்லுங்க.”